மாமா வந்த தடம்

கடலோரச் சதுப்புக்காட்டை ஒட்டிய ஹேந்தால்காலித் தீவில் போய், நிவாரண் கயேனுக்குப் படிக்கத் தெரியாது என்று சொன்னால் சிரிப்பார்கள். பள்ளிக்கூடப் பலகையில் எழுதியது தெரியாதே தவிர, சேற்றில் எழுதியதெல்லாம் அவருக்குத் தெரியும். ஈரமண்ணில் ஒரு கால் பட்டுவிட்டால் போதும். அது யாருடைய கால், எப்போது வந்தது, பசியோடு வந்ததா தின்றுவிட்டு வந்ததா, எல்லாம் சொல்லிவிடுவார். அதில் ஒரே கஷ்டம், கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவார்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் மண்டல் வீட்டு ஈச்ச மரத்தில் கட்டியிருந்த கள்ளுப்பானை காணாமல் போனது. ஊர் கூடியது. நிவாரண் மரத்தடியில் குந்தி உட்கார்ந்து பார்த்தார். "வலது கால்ல சுண்டுவிரல் இல்ல. வரும்போது நேரா வந்திருக்கான், போகும்போது கோணலாப் போயிருக்கான்" என்றார். தீவு முழுக்கத் தேடினாலும் சுண்டுவிரல் இல்லாத வலது கால் ஒன்றே ஒன்றுதான். அது அவர் மனைவி கிரிபாலாவின் தம்பியுடையது. அன்றைக்குப் படகேறி கோசபாவுக்குப் போன தம்பி, அக்கா வீட்டு வாசலை அதற்குப்பின் மிதிக்கவில்லை. "ஒரு வார்த்தை சொல்லாம இருந்திருக்கலாமே!" என்று கிரிபாலா அழுதபோது, "நான் எங்க பேரைச் சொன்னேன்? விரலைத்தானே சொன்னேன்" என்றார் மனுஷர்.

தடத்தைப் பார்த்து அவர் பொய் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. வாலிப வயதில் அண்ணன் நிராபதனோடு காட்டுக்குத் தேனெடுக்கப் போயிருந்தார். வழியில் ஒரு தடம். ஆட்கள் பயந்துவிடக் கூடாதே என்று கூட்டத்தலைவன், "பழசுதான், நடங்க" என்று சொல்லிவிட்டான். தடம் புதுசு. அண்ணன் திரும்பவில்லை. அன்றிலிருந்து மண்ணில் பார்த்ததை நிவாரண் மாற்றிச் சொன்னதே கிடையாது. இது கிரிபாலாவுக்கும் தெரியும். அதனால்தான் தம்பி விஷயத்தில் அவரைத் திட்டியதோடு விட்டாள்.

இப்போது கதைக்கு வருவோம். அறுவடை முடிந்து, ஈச்ச வெல்லம் காய்ச்சும் வாசனை ஊரைச் சுற்றிவரும் நாட்கள். காலையில் வாத்துகளைத் திறந்துவிடக் குளத்தங்கரைக்குப் போன நிவாரண், கூண்டைத் தொடாமலே திரும்பி வந்தார். அடுப்படியில் கிரிபாலா லூச்சிப் பூரிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"கிரி, மாமா வந்திருக்கார்."

மாவுக் கையோடு எழுந்தாள். முகம் விளக்கேற்றின மாதிரி ஆனது. "யாரு, என் தம்பியா? நெஜமாவா?"

"உன் தம்பி இல்ல."

"அப்போ மாப்பிள்ளையோட மாமாவா? ஐயோ, படகு பத்து மணிக்குத்தானே வரும்! நான் இன்னும் கத்திரிக்காயே நறுக்கலியே!"

"அந்த மாமாவும் இல்ல, கிரி."

கிரிபாலா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நாம் காட்டைவிட்டு எத்தனையோ தூரத்தில், பட்டப்பகலில் உட்கார்ந்திருக்கிறோம். அதனால் நான் தைரியமாகப் புலி என்று சொல்லிவிடுவேன். அந்தத் தீவில் யாரும் சொல்லமாட்டார்கள். பேரைச் சொன்னால் கூப்பிட்டதாக எடுத்துக்கொண்டு வந்துவிடுமாம். மாமா என்றுதான் சொல்வார்கள். அதுவும் வந்தான், போனான் என்று சொல்வதில்லை. வந்தார், போனார், ஆடு சாப்பிட்டார் என்று மரியாதையாகச் சொல்வார்கள். தாய்மாமன் மருமக்கள்மேல் கைவைக்கமாட்டான் என்று ஒரு நம்பிக்கை. அந்த முறை மாமாவுக்கும் தெரிந்திருக்கிறதா என்பதுதான் சந்தேகம்.

"இன்னிக்குத்தானா வரணும்?" என்றாள் கிரிபாலா. "மூணு வருஷமா வராதவர், இன்னிக்குப் பார்த்துத்தான் நாள் குறிச்சாரா?"

இன்றைக்கு என்ன விசேஷம் என்றால், அவர்களுடைய ஒரே மகள் டகருக்கு நிச்சயம் பேச மாப்பிள்ளையின் தாய்மாமன் வருகிறார். பாருய்பூர்க்காரர், பேர் பஞ்சானன் நஸ்கர். அப்பா இல்லாத பையனை வளர்த்து ஆளாக்கியவர். பையன் பலாய் வீட்டோடு மாப்பிள்ளையாக இந்தத் தீவுக்கே வரச் சம்மதித்துவிட்டான். டகருக்கும் அவனைப் பிடித்துவிட்டது. கோசபா சந்தையில் அவளுடைய நண்டுக் கூடை கவிழ்ந்தபோது, ஒருத்தன் ஓடிவந்து வெறுங்கையால் நண்டைப் பொறுக்கிப் போட்டானாம். மூன்று விரலில் நண்டு கவ்வியும் கூடையை விடவில்லையாம். "கடிக்குதான்னு கேட்டேம்மா, இல்லியேன்னு சொல்லிட்டு அழுதான்" என்று டகர் சொன்ன அன்றைக்கே கிரிபாலாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

மாமன் போட்டது ஒரே நிபந்தனை. அந்தத் தீவில் புலி வரக்கூடாது. தரகர் ஹாரான், "பன்னெண்டு வருஷமா ஒரு வால்நுனிகூட வரல" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார்.

டகர் அப்பாவோடு குளத்தங்கரைக்குப் போனாள். அவளுக்கும் தடம் படிக்க வரும்.

"இடது பின்னங்காலை இழுத்து வெக்கிறார்பா."

"ம். வயசாளி. கனத்த உடம்பு. மோக்ஷதா அத்தை வீட்டுப் பக்கம் போயிருக்கார். பசியோட போயிருக்கார்."

சொல்லி வாய் மூடவில்லை, மோக்ஷதா அத்தை வீட்டுப் பக்கமிருந்து ஓலம் கேட்டது. ஆடு போய்விட்டது. தடமும் இரத்தமும் தீவைச் சுற்றிய மண்கரையைத் தாண்டி, வெளிப்பக்கம் ஆற்றுச் சேற்றில் நிற்கும் கேவடா மரக்கூட்டத்துக்குள் போயிருந்தன. நிவாரண் கரைமேல் குந்தி வெகுநேரம் பார்த்தார். உள்ளே போன தடம் இருந்தது. வெளியே வந்த தடம் இல்லை.

ஊர் ஆட்கள் கூடிப் பேசி முடித்தார்கள். ஆற்றில் இப்போது தண்ணீர் வற்றிக் கிடக்கிறது. மூன்று மணிக்கு ஏறிவிடும். வனத்துறைப் படகும் அதற்குள் வந்துவிடும். மூன்று பக்கம் வலை கட்டி, ஆற்றுப் பக்கத்தை மட்டும் திறந்து வைத்து, தகரம் தட்டிப் பட்டாசு வெடித்தால் மாமா நீந்தி அக்கரைக் காட்டுக்குப் போய்விடுவார். இதுவரை அப்படித்தான் போயிருக்கிறார். அதுவரைக்கும் ஆட்கள் மரத்தின்மேல் உட்கார்ந்து காவல் இருக்கவேண்டும். யாரும் கரைப் பக்கம் போகக்கூடாது.

ஒன்பதரை மணிக்கு ஹாரான் விருந்தாளியை அழைத்துவரத் துறைக்குப் போகும் வழியில் வீட்டுக்குள் நுழைந்தார். விஷயத்தைக் கேட்டதும் குடையால் தன் நெற்றியிலேயே தட்டிக்கொண்டார்.

"அந்த மாமாவுக்கு இந்த மாமா வந்தது தெரியவே கூடாது. சாப்பாடு போட்டு உள்ளேயே வெச்சிருங்க. நாலு மணிக்குப் படகேத்திடலாம்."

"பட்டாசு வெடிப்பாங்களே?" என்றாள் கிரிபாலா.

"உங்களை வரவேத்து வெடிக்கிறாங்கன்னு சொல்லிடறேன்."

"தகரம் தட்டுவாங்களே?"

"அதுவும் வரவேற்புதான்." பிறகு நிவாரண் பக்கம் திரும்பினார். "அண்ணே, நீங்க மட்டும் தயவுபண்ணி வாயைத் தொறக்காதீங்க. உங்க வாயில உண்மை வாடகைக்கு இல்ல, சொந்த வீடு கட்டிக்கிட்டு இருக்கு."

"நானாப் போய் எதுவும் சொல்லமாட்டேன்" என்றார் நிவாரண். "தடத்தைக் காட்டி என்னன்னு கேட்டா, இருக்கிறதைத்தான் சொல்வேன்."

"அவர் எதுக்குங்க தடத்தைப் பார்க்கப்போறார்? லூச்சியைத்தான் பார்ப்பார்."

டகர் கிட்டே வந்து நின்றாள். "அப்பா, இன்னிக்கு ஒருநாள் மட்டும் எதையும் படிக்காதீங்க."

நிவாரணுக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வாசல் மண்ணைப் பார்த்தார். அதில் அவளுடைய காலடிகள் இருந்தன. அடுப்படிக்கும் வாசலுக்கும், வாசலுக்கும் அடுப்படிக்கும். ஒரு வேலையும் இல்லாமல் பதினேழு தடவை நடந்திருந்தாள்.

பஞ்சானன் நஸ்கர் பத்து மணிக்கு வந்தார். நல்ல கனமான சரீரம். இடது காலில் வாதம். வலது கையில் இரும்புப் பூண் போட்ட குடை. எல்லாரும் மாப்பிள்ளை கூப்பிடுகிற முறையிலேயே, "வாங்க மாமா, வாங்க மாமா" என்றார்கள். நிவாரண் மட்டும் அவர் முகத்தைப் பார்க்காமல் அவர் கால் பதிந்த மண்ணைப் பார்த்து, "வாங்க மாமா" என்றார்.

"சம்பந்தம் பேச வந்திருக்கேன், என் காலையே பார்க்கிறாரே?" என்றார் பஞ்சானன்.

"அவ்வளவு மரியாதை!" என்றார் ஹாரான்.

உட்கார்ந்ததும் முதல் கேள்வியே அதுதான். "கயேன்பாபு, சுத்தி வளைக்காம கேட்டுடறேன். எங்க பலாய் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வரப்போறவன். இங்க இந்தப் பு—"

"ஐயையோ!" என்று ஹாரான் அவர் வாயைப் பொத்தாத குறையாகப் பாய்ந்தார். "அந்தப் பேரை மட்டும் சொல்லாதீங்க. இங்க யாரும் சொல்றதில்ல."

"சரி, சொல்லல. அது வருமா வராதா?"

நிவாரண் வாயைத் திறந்தார். ஹாரான் கண்ணை மூடிக்கொண்டார். அந்த நொடியில் கிரிபாலா ஈச்ச வெல்லப் பாயசத்தைக் கிண்ணத்தோடு பஞ்சானன் மூக்குக்கு நேரே நீட்டினாள். வாசனை உள்ளே போனதும் கேள்வி வெளியே போய்விட்டது.

அதற்கப்புறம் லூச்சி வந்தது, கத்திரிக்காய் வறுவல் வந்தது, வாத்து முட்டைக் குழம்பு வந்தது, தேங்காய் போட்ட கடலைப்பருப்பு வந்தது. பஞ்சானன் நல்ல மனுஷர்தான். ரசித்துச் சாப்பிட்டார். டகரைக் கூப்பிட்டு, "பலாய்க்கு நண்டுன்னா ஏம்மா இப்ப கண்ணு கலங்குது?" என்று கேட்டுச் சிரிக்க வைத்தார். எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தது, மோக்ஷதா அத்தை பின்கட்டுக்கு வரும்வரை.

மோக்ஷதா அத்தைக்கு மெதுவாகப் பேச வராது. ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவர்களுக்கும் சேர்த்தே பேசுவாள். "ஏ கிரிபாலா! மாமா என் சினை ஆட்டை முழுசாத் தின்னுட்டாரே! ஒரு எலும்பைக்கூட விட்டுவெக்கலியே!"

உள்ளே பஞ்சானன் லூச்சியைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்தார். "என்ன சொல்றாங்க? நான் ஆடு எங்க தின்னேன்? முட்டைதானே போட்டாங்க?"

"அந்தம்மாவுக்குக் கொஞ்சம்..." என்று ஹாரான் தலைக்குப் பக்கத்தில் விரலைச் சுழற்றினார்.

நிவாரண் எழுந்து பின்கட்டுக்கு ஓடினார். அதற்குள் மோக்ஷதா அத்தையோடு வலைபோடும் ஆட்கள் நாலு பேரும் சன்னலோரமாக வந்து நின்றிருந்தார்கள். தடக்காரர் சொன்னால்தானே அவர்கள் வேலையைத் தொடங்கமுடியும்?

"அண்ணே, மாமா எப்படி இருக்கார்?" என்றான் ஒருவன்.

"மெதுவாப் பேசுடா. கிழம். நல்ல கனம். இடது காலை இழுத்து இழுத்து நடக்கிறார். வயிறு முட்டத் தின்னிருக்கார். மூணு மணிவரைக்கும் இருந்த இடத்தைவிட்டு அசையமாட்டார்."

"அப்போ மூணு மணிக்கு வலையைப் போட்டுடலாமா?"

"மூணு பக்கமும் போடுங்க. ஆத்துப் பக்கம் மட்டும் விட்டுடுங்க. பட்டாசைக் கொளுத்திப் போட்டா தானாக் குதிச்சு நீஞ்சிப் போயிடுவார்."

"குதிக்கமாட்டேன்னு அடம்பிடிச்சா?"

"வனத்துறை ஆளுங்க ஊசி போட்டுத் தூங்க வெச்சிடுவாங்க. நாலு பேர் காலைக் கட்டித் தூக்கிக் கூண்டுல போட்டு அனுப்பிடலாம்."

"போனதடவை மாதிரி மூங்கில்ல தலைகீழாக் கட்டித் தூக்கலாமா?"

"கனம் ஜாஸ்திடா. மூங்கில் தாங்காது."

உள்ளே வெண்கலத் தம்ளர் ஒன்று உருண்டு ஓடிச் சுவரில் மோதும் சத்தம் கேட்டது. பூனையாக இருக்கும் என்று நிவாரண் நினைத்தார்.

ஆட்களை அனுப்பிவிட்டு, மோக்ஷதா அத்தையைச் சமாதானப்படுத்தி வீட்டில் கொண்டுபோய் விட்டு அவர் திரும்பிவர அரைமணி ஆகிவிட்டது. வாசலில் ஹாரான் பாயில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். உள்ளே தட்டில் பாதி கடித்த லூச்சி கிடந்தது. குடையைக் காணோம். செருப்பு மட்டும் முன்வாசலில் அப்படியே இருந்தது.

"டகர், விருந்தாளி எங்கம்மா?"

"கை கழுவணும்னு பின்பக்கம் போனாரேப்பா. நான் தண்ணி கொடுத்தேன். என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். 'நீ நல்ல பொண்ணு, நீயாவது சொல்லு, எனக்கு நீச்சல் தெரியாது'ன்னார். எனக்கு ஒண்ணும் புரியல."

கிரிபாலா பின்வாசலுக்கு ஓடிப் பார்த்தாள். ஆள் இல்லை. பதைப்பில் அவள் வாயிலிருந்து வந்தது அந்த ஒரே வார்த்தைதான்: "ஐயோ! மாமாவைக் காணோம்!"

அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரி அதைக் கேட்டு, "மாமாவைக் காணோமாம்!" என்று கத்தினாள். குளத்தங்கரையில் இருந்தவர்கள், "மாமா வெளியே வந்துட்டாராம்!" என்றார்கள். வைக்கோல் போரடியில் இருந்தவர்களுக்கு அது, "மாமா கயேன் வீட்டுக்குள்ளேர்ந்து போறார்!" என்று போய்ச் சேர்ந்தது. மரத்தில் இருந்தவர்கள் இன்னும் மேலே ஏறினார்கள். தரையில் இருந்தவர்கள் மரத்தில் ஏறினார்கள். மரம் கிடைக்காத தபால்காரர் மோக்ஷதா அத்தையின் கூரைமேல் ஏறி, கூரை வழியாக அவள் வீட்டுக்குள் இறங்கிவிட்டார். மூன்று மணிக்கு வெடிக்கவேண்டிய பட்டாசையெல்லாம் ஒன்றரை மணிக்கே யாரோ மொத்தமாகக் கொளுத்திவிட்டார்கள். தகரம், தட்டு, சங்கு, எல்லாம் சேர்ந்து தீவே அதிர்ந்தது.

சத்தத்தில் விழித்த ஹாரான், "உங்களை வரவேத்துத்தான் வெடிக்கிறாங்க மாமா!" என்று பக்கத்துப் பாயைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பாய் காலியாக இருப்பதைக் கண்டு எழுந்து உட்கார்ந்தார்.

நிவாரண் பின்வாசல் மண்ணில் குனிந்திருந்தார். வெறுங்கால். வலதில் பாரம். பக்கத்திலேயே குடையின் இரும்புப் பூண் குத்திய துளை. முதலில் சின்னச் சின்ன அடி. திருடன் மாதிரி. வேலி ஓரமாக, மூங்கில் புதருக்குப் பின்னால், ஆள் கண்ணில் படாமல் போயிருக்கிறார். எங்கே? படகுத்துறைக்குத்தான். ஆனால் ஊர்வழியாகப் போனால் பிடித்துவிடுவார்கள் என்று, கரையைத் தாண்டி ஆற்றுச் சேற்றோடு போகத் திரும்பியிருக்கிறார்.

அந்தச் சேற்றில்தான் கேவடா மரக்கூட்டம் இருந்தது.

நிவாரண் வேலியில் செருகியிருந்த அரிவாளை உருவினார். கல்யாணம், நிபந்தனை எல்லாம் மறந்துபோனது. அண்ணனுடைய தடம் ஒருநாள் இப்படித்தான் ஒரு மரக்கூட்டத்துக்குள் போயிற்று. "காட்டைக் காக்கும் பொன்பீபி தாயே, இந்த மனுஷன் பாயசம் குடிச்சவர், ஒரு பாவமும் அறியாதவர்" என்று சொல்லிக்கொண்டே கையில் அரிவாளோடு ஓடினார். பின்னாலேயே டகர். "நீ வராதே!" என்று அவர் கத்த, "நீங்க கிட்டத்துல இருக்கிறதைத்தான் படிப்பீங்க, தூரத்துல கண்ணு தெரியாது!" என்று அவள் கத்திக்கொண்டே வந்தாள். அதுவும் உண்மைதான்.

கரைமேல் ஏறும்போது கேட்டது அந்தக் குரல்.

"புலீ! புலீ! புலீ!"

மரங்களில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். பத்து இருபது வருஷமாக அந்தத் தீவில் யாரும் உரக்கச் சொல்லாத வார்த்தை. அதையும் மூன்று தடவை.

"அப்பா, அதோ!" என்றாள் டகர். நடு ஆற்றில், கவிழ்த்த பானை மாதிரி ஒரு மஞ்சள் தலை அக்கரையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அவசரமே இல்லை. அக்கரைச் சேற்றில் ஏறி, உடம்பை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு, இடது பின்னங்காலை இழுத்தபடி காட்டுக்குள் போனது.

இக்கரையில், கரையடிச் சேற்றில், பஞ்சானன் நஸ்கர் இடுப்புவரை புதைந்திருந்தார். ஒரு கையில் விரித்த குடை. வேட்டி பாதி, சேறு பாதி. நிவாரணைக் கண்டதும் குடையை அவர் பக்கம் நீட்டினார். "கிட்ட வராதே! ஊசி போடாதே! பலாய் ஒரே பையன், அவனுக்கு என்னை விட்டா யாரும் இல்ல!"

"மாமா, நான் நிவாரண். ஊசி உங்களுக்கு இல்ல. அந்த மாமாவுக்கு." ஆற்றைக் காட்டினார்.

பஞ்சானன் ஆற்றைப் பார்த்தார், நிவாரணைப் பார்த்தார். "அதுவா மாமா?"

"எங்க ஊர்ல அப்படித்தான் சொல்வோம். சின்ன வயசுல கதையில கேட்டிருப்பீங்களே."

"கதையில கேட்டா தெரியும்யா! சன்னல் வழியாக் கேட்டா?"

அவரை இழுத்து வெளியே எடுக்கும்போதே ஊர்சனமெல்லாம் மரத்தைவிட்டு இறங்கிக் கரைமேல் வந்து நின்றுவிட்டது. ஹாரானும் கிரிபாலாவும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். பஞ்சானன் நேரே ஹாரானிடம் திரும்பினார். "பன்னெண்டு வருஷமா வால்நுனி வரலியா? முழு உடம்பும் பார்த்துட்டேன்யா நான்! இந்தச் சம்பந்தம்..."

கிரிபாலா முந்தானையைக் கடித்துக்கொண்டாள். டகர் நின்ற இடத்திலிருந்து அசையவில்லை.

அப்போது கரைமேலிருந்து வலைபோடும் ஆட்களில் ஒருவன் கத்தினான்: "மாமா தனியா நின்னு மாமாவை விரட்டிட்டார்டா!"

பஞ்சானன் வாயில் இருந்த அடுத்த வார்த்தை அங்கேயே நின்றுவிட்டது.

"வெறுங்குடையை வெச்சே விரட்டிட்டார்!" என்றான் இன்னொருவன். "பேரைச் சொல்லி அதட்டினாரே, கேட்டியா? நம்ம ஊர்ல எவனுக்கு அந்தத் தைரியம் வரும்?"

பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ சங்கு ஊதினார். பஞ்சானன் மெல்ல நிமிர்ந்தார். சேறு சொட்டும் மீசையைத் தடவிக்கொண்டார். குடையைச் சுருக்கினார்.

"மூணு கை தூரம்" என்றார். "கண்ணோட கண்ணு. நான் குடையை விரிச்சேன். அவன், அதாவது அவர், அப்படியே வாலைச் சுருட்டிக்கிட்டு ஆத்துல குதிச்சார்." சொல்லச் சொல்ல அவருக்கே அது நடந்த மாதிரி இருந்தது. "பாருய்பூர்ல சொன்னா நம்பமாட்டாங்க."

"நானே நம்பல" என்றாள் மோக்ஷதா அத்தை. ஆடும் போய், கூரையும் போய், அவளுக்கு யார் பேச்சிலும் நம்பிக்கை போயிருந்தது. "எதுக்குப் பேச்சு? தடம் இருக்கு, தடக்காரன் இருக்கான். நிவாரண் பார்த்துச் சொல்லட்டும்!"

"அதானே! அண்ணன் சொல்லட்டும்!" என்றது ஊர்.

ஹாரான் தலையில் கைவைத்துக்கொண்டு கரைமேல் உட்கார்ந்துவிட்டார். கிரிபாலா கும்பிட்ட கையைப் பிரிக்கவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஈச்ச மரத்தடியில் நின்றாளே, அதே மாதிரி நின்றாள். பஞ்சானன் முகம் வெளுத்துவிட்டது. சேற்றுக்கு அடியிலும் அது தெரிந்தது.

நிவாரண் சேற்றில் இறங்கிக் குந்தினார். டகரும் பக்கத்தில் குந்தினாள். எல்லாம் தெளிவாக எழுதியிருந்தது. புலி பட்டாசுச் சத்தம் கேட்டு, சலித்துப்போய் எழுந்து, மரக்கூட்டத்தின் அந்தப் பக்கமாகவே ஆற அமர நடந்து தண்ணீரில் இறங்கியிருந்தது. ஒருதடவைகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. விருந்தாளி இருநூறு முழத்துக்கு இப்பால் நின்று அதன் முதுகை மட்டும் பார்த்திருக்கிறார். பார்த்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். அப்புறம் திரும்பி ஓடியிருக்கிறார். வாதக்கால் நல்ல காலைவிட ஆழமாக ஊன்றியிருந்தது. இரண்டு இடத்தில் விழுந்து, ஓர் இடத்தில் தவழ்ந்து, கடைசியில் ஆற்றுக்கு முதுகைக் காட்டிப் புதைந்திருக்கிறார். குடை விரிந்தது அதற்கப்புறம்.

டகர் எல்லாவற்றையும் படித்துவிட்டாள். அப்பாவின் முகத்தை மட்டும் பார்த்தாள்.

ஒரு பக்கம் மகள். ஒரு பக்கம் நிராபதன் அண்ணன். "பழசுதான், நடங்க" என்று அன்றைக்குக் கூட்டத்தலைவன் சொன்ன ஒரு வார்த்தை. நீர்க்கோடு நகர்ந்து வந்து அவர் கால்விரலைத் தொட்டது. ஆறு ஏறிக்கொண்டிருந்தது.

"என்னண்ணே, எழுத்து புரியலியா?" என்று கரைமேலிருந்து குரல் வந்தது.

நிவாரண் எழுந்தார். ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"மாமா இந்த இடத்துல நின்னிருக்கார். எதிரே பார்த்திருக்கார். பார்த்ததும் கை கால் ஆடிப்போச்சு. இதோ, உட்கார்ந்தே போயிட்டார்."

கரைமேல் ஒரே ஆரவாரம்.

"அப்புறம் எழுந்து திரும்பினார் பாருங்க! இருபத்தஞ்சு வருஷமாத் தடம் பார்க்கிறேன், மாமா இப்படி ஓடி நான் பார்த்ததில்ல. இடது காலை இழுத்து நடக்கிறவர்தானே? ஓடும்போது அந்தக் கால் இழுக்கவே இல்ல. ரெண்டு இடத்துல விழுந்திருக்கார். ஒரு இடத்துல தவழ்ந்திருக்கார். திரும்பிக்கூடப் பார்க்கல."

"கேட்டியா அத்தை! மாமா தவழ்ந்திருக்காராம்!" என்று ஊர் குதித்தது. மோக்ஷதா அத்தைகூட, "நிவாரணே சொல்லிட்டான்னா சரிதான்" என்றாள். இரண்டு பேர் பஞ்சானனைத் தோளில் தூக்கப் போனார்கள். "கனம் ஜாஸ்திடா" என்று ஒருவன் சொன்னதால் கையைப் பிடித்து அழைத்துப்போகலாம் என்று முடிவானது.

டகர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அவள் அழுகிறாள் என்று நினைத்து ஓடிவந்த கிரிபாலா, மகள் முகத்தைப் பார்த்தாள், புருஷன் முகத்தைப் பார்த்தாள், மெதுவாக அவளுக்கும் புரிந்தது.

"நான் பொய் சொல்லல, கிரி" என்றார் நிவாரண் தாழ்ந்த குரலில்.

"தெரியும்" என்றாள். "நீங்க பேரைச் சொல்லல. காலைத்தானே சொன்னீங்க." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கல்யாணத்துக்கு என் தம்பியைக் கூப்பிட நீங்களே கோசபா போகணும். விரலைப் பத்திப் பேசக்கூடாது."

"போறேன். பேசல."

பஞ்சானன் மட்டும் ஆரவாரத்தில் கலக்காமல் நிவாரணையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் புரிந்திருந்தது. அவருக்குத்தான் முதலில் புரிந்தது. கையைப் பிடித்திருந்தவர்களை விலக்கிவிட்டு, குடையை ஊன்றி, இடது காலை முன்னைவிடப் பலமாக இழுத்துக்கொண்டு சேற்றோரம் வந்தார். எல்லாரும் கேட்க, "மாக மாசத்துல முதல் நல்ல நாள் பார்த்துடுங்க, சம்பந்தி" என்றார். ஹாரான் கரைமேலிருந்து எழுந்து நின்று கண்ணை மூடிப் பொன்பீபியைக் கும்பிட்டார்.

பிறகு பஞ்சானன் நிவாரணின் காதருகே குனிந்தார்.

"சம்பந்தி, இந்தத் தடமெல்லாம் எப்போ அழியும்?"

"மூணு மணிக்குத் தண்ணி முழுசா ஏறிடும், மாமா."

"இப்போ மணி என்ன இருக்கும்?"

"ரெண்டு இருக்கும்."

பஞ்சானன் குடையை விரித்தார். கரையடியில் ஒரு மரவேரைப் பார்த்து, அதில் ஈரத்தோடே உட்கார்ந்தார். "நீங்க எல்லாரும் வீட்டுக்குப் போங்க. நான் கொஞ்ச நேரம் இங்கயே காவல் இருக்கேன். மாமா திரும்பி வந்தாலும் வருவார்" என்றார் உரக்க. பிறகு மெதுவாக, "பாதி லூச்சியை விட்டுட்டு வந்தேன். இங்கயே கொடுத்தனுப்பச் சொல்லுங்க" என்றார்.